எதில் சோதித்தார்கள் என்று ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழில் முள் சீத்தா பற்றிய கட்டுரையைப் படித்தேன். 'கீமோவைவிடப் பத்தாயிரம் மடங்கு வேகமாகப் புற்றுநோய் செல்களைக் கொல்லும். ஆராய்ச்சியில் நிரூபணம்' என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். அன்று மதியச் சாப்பாட்டுக்குள் அந்தக் கட்டம் மட்டும் தனிப் படமாக என் போனில் நாலு குழுக்களிலிருந்து வந்து விழுந்தது. யாரோ கிளப்பிவிட்டது என்றால் தள்ளிவிடலாம். பேப்பரிலேயே போட்டிருக்கிறான் என்றால் எங்கள் ஊரில் அதற்கு இன்னும் மரியாதை உண்டு. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தப் பத்தாயிரம் மடங்கு பொய்யில்லை, அதுதான் சிக்கல். 1996இல் ஓர் அமெரிக்க வேதியியல் ஆய்விதழில் வந்த கணக்கு அது. முள் சீத்தாவின் விதையிலிருந்து சில சேர்மங்களைப் பிரித்தெடுத்தார்கள். அவற்றில் ஒன்று, பெருங்குடல் புற்று செல்கள் மேல், அட்ரியாமைசின் என்ற கீமோ மருந்தைவிடப் பத்தாயிரம் மடங்கு வீரியமாக இருந்தது. வேகம் அல்ல, வீரியம். அதாவது கொல்வதற்குக் கொஞ்சமே போதும். முப்பது வருஷம் பிளஸ் டூவுக்கு வேதியியல் நடத்தியவன் என்பதால் இந்த ஒரு சொல்லுக்கே மார்க் குறைத்திருப்பேன். அதைவிடப் பெரிய விஷயம், சோதித்தது விதையின் சாற்றை. உங்கள் கட்டுரை குடிக்கச் சொல்வது இலைக் கஷாயத்தை. சோதித்ததும் ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த செல்லில். தட்டில் கல்லீரல் கிடையாது, சிறுநீரகம் கிடையாது, அது கெட்டுப்போனால் அழுவதற்கு ஆளும் கிடையாது. பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினாலும் அந்த செல்கள் சாகத்தான் செய்யும்.

சீத்தா விதை கொல்லும் என்பது எங்கள் ஆச்சிக்கே தெரியும். காய்ந்த விதையை அம்மியில் பொடித்து எண்ணெயில் குழைத்துப் பேனுக்குத் தேய்ப்பாள். நெற்றியில் துணியைக் கட்டி, "கண்ணத் தொறந்த, அவ்வளவுதான்" என்று மிரட்டிக்கொண்டே தேய்ப்பாள். கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிவிடும். முள் சீத்தாவும் அதே குடும்பம். கரீபியன் கடலில் குவாதலூப் என்ற தீவில், வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத ஒருவகை நடுக்குவாதம் நிறையப் பேருக்கு இருந்ததையும், அவர்களில் பலர் முள் சீத்தாப் பழமும் இலைத் தேநீரும் வழக்கமாகச் சாப்பிட்டவர்கள் என்பதையும் 1999இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். அதிலுள்ள ஒரு பொருள் நரம்பு செல்லையும் கொல்கிறது. புற்று செல்லை மட்டும் தேடிப் பிடிக்க அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? பழத்தை எப்போதாவது சாப்பிடுகிறவர் பயப்பட வேண்டாம். தினமும் கஷாயம் வைக்கிறவருக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டும். கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

இனி என் வீட்டுக் கதை. என் பெரிய அண்ணன் மனைவி, எங்கள் மதினி, மார்பில் கட்டி என்று போனபோது இரண்டாம் நிலை என்றார்கள். ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. அதற்குள் அண்ணன் மகன் ஒரு தாளை அச்செடுத்துக்கொண்டு வந்தான். 'கத்தி பட்டால் பரவிவிடும், மூலிகையால் கரைக்கலாம்.' அவன் படிக்காதவன் இல்லை, பெங்களூரில் இன்ஜினியர். பக்கத்து மாவட்டத்தில் ஒருவரிடம் லேகியம். ஒரு மண்டலத்துக்கு ஒரு டப்பா, புளி ஆகாது, கத்தரிக்காய் ஆகாது, ஆஸ்பத்திரிப் பக்கம் போனால் மருந்து முறிந்துவிடும். டப்பாவில் மருந்தின் பெயரில்லை, உரிம எண் இல்லை, என்ன சேர்ந்திருக்கிறது என்றும் இல்லை. மூடியில் பால்பாயிண்ட் பேனாவால் 'காலை மாலை' என்று எழுதியிருந்தது.

மூன்றாவது டப்பாவில் மதினி சொன்னாள், "தம்பி, கட்டி இளகுற மாதிரி இருக்கு." நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். வேதியியல் வாத்தியார்தான், ஆனாலும் தலையாட்டினேன். ஐந்தாவது டப்பாவில் தோல் வெடித்துச் சீழ் வந்தது. அந்த ஆளுக்குப் போன் போட்டால், "நஞ்சு வெளியேறுது, நல்ல அறிகுறி" என்றார். மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். பழைய மஞ்சப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்த ஃபைலில் அந்த ஆபரேஷன் தேதி அப்படியே இருந்தது. எட்டு மாதம் தாண்டியிருந்தது. டாக்டர் திட்டவில்லை. தேதியை ஒருமுறை பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார். நுரையீரலுக்குப் போயிருந்தது. ஒன்றரை வருஷம் இருந்தாள்.

ஒரு வீட்டுக் கதையை வைத்து ஒன்றையும் நிரூபிக்க முடியாது, அது எனக்கும் தெரியும். 'எங்க பெரியப்பாவுக்குக் கஷாயத்தில் குணமாச்சு' என்பதும் அதே ஒரு வீட்டுக் கதைதான். சரி, எண்ணிப் பார்த்தவர்கள் யாராவது உண்டா என்று பின்னால் தேடினேன். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு கிடைத்தது. புற்று வேறு உறுப்புக்குப் பரவாத நிலையிலேயே மாற்று வைத்தியம் மட்டும் போதும் என்று போன 281 பேரை, வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்டார்கள். சாகும் அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றில் மட்டும் தனியாகப் பார்த்தால் ஐந்து மடங்குக்கும் மேல். அப்படிப் போனவர்கள் மற்றவர்களைவிட வயது குறைந்தவர்கள், வருமானமும் படிப்பும் கூடியவர்கள் என்றும் அதில் இருக்கிறது. அண்ணன் மகன் மேல் எனக்கிருந்த கோபம் அதைப் படித்த பிறகு கொஞ்சம் தணிந்தது.

'சிகிச்சையோடு சேர்த்துக் குடித்தால் என்ன?' என்று கேட்பவர்களுக்கும் ஒரு செய்தி. மார்பகப் புற்றுக்கான டமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடும் 16 பேருக்கு மஞ்சள் சத்துக் குளிகை கொடுத்து, நெதர்லாந்தில் சோதித்து 2019இல் வெளியிட்டார்கள். ரத்தத்தில் மருந்தின் அளவு குறைந்தது. மிளகுச் சத்தையும் சேர்த்தபோது இன்னும் குறைந்தது. குழம்பில் போடுகிற மஞ்சளைச் சொல்லவில்லை. எதைச் சேர்த்துச் சாப்பிட்டாலும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

மூலிகைக்கு நான் எதிரி இல்லை. எங்கள் பக்கம் கரிசல் காட்டில் நித்திய கல்யாணி பயிரிடுகிறார்கள். சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வோம். ஜமைக்காவில் அதன் இலையைச் சர்க்கரை நோய்க்குக் குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கனடாவில் நோபிள், பீர் என்ற இருவர் எலிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை. ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் சரிந்தன. அந்த நூலைப் பிடித்துப் போய்த்தான் வின்பிளாஸ்டின், பிறகு வின்கிறிஸ்டின் என்ற புற்று மருந்துகள் கிடைத்தன. குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு இன்றைக்கும் வின்கிறிஸ்டின் ஏற்றுகிறார்கள். வெள்ளைப் பாஷாணம் என்கிற ஆர்சனிக் நஞ்சும் அப்படித்தான். சீன வைத்தியத்திலிருந்து வந்து, ஒரு குறிப்பிட்ட ரத்தப் புற்றுக்கு மருந்தாகிவிட்டது. வேலூர் சி.எம்.சி.யில் 72 நோயாளிகளுக்கு அதை மட்டுமே கொடுத்துப் பார்த்ததில் நூற்றுக்கு 86 பேருக்கு நோய் அடங்கியது என்று 2006இல் வெளியிட்டார்கள். சோதித்த அன்றைக்கே அது 'மாற்று' என்ற பட்டத்தைக் கழற்றிப் போட்டுவிட்டது.

இதற்கு நேர்மாறு ஆப்ரிகாட் கொட்டையிலிருந்து எடுத்த லேட்ரைல். புற்றுக்கு மருந்து என்று, 'வைட்டமின் பி 17' என்ற பெயரில் இன்றும் விற்கிறார்கள். அது வைட்டமினே இல்லை. அமெரிக்காவில் மக்கள் கிளர்ச்சி பண்ணிக் கேட்டதால் 178 நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். 1982இல் முடிவு வந்தது. பலன் இல்லை, சிலருடைய ரத்தத்தில் சயனைடு ஆளைக் கொல்லும் அளவை நெருங்கியிருந்தது.

ஆக, நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். 'ஆராய்ச்சியில் நிரூபணம்' என்று எழுதும்போதெல்லாம் எதில் என்று பக்கத்திலேயே ஒரு வரி போடுங்கள். தட்டிலா, எலியிலா, மனிதரிலா? மனிதரில் என்றால் எத்தனை பேரில்? உங்கள் செய்தியாளருக்கு இது அரை மணி நேர வேலை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மருத்துவச் சோதனைப் பதிவேடு 2007இலிருந்து இருக்கிறது. சித்த, ஆயுர்வேதச் சோதனைகளும் அதில் உண்டு, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தேடலாம். பதிவு இருந்தாலே மருந்து பலிக்கும் என்றில்லை. எதுவுமே இல்லை என்றால் அதையாவது எழுதலாமே.

அப்புறம், அந்தக் கட்டுரைக்கு எதிர்ப் பக்கத்தில் 'புற்றுநோய்க்கு உத்தரவாத சிகிச்சை' என்று ஒரு விளம்பரம். மாயத் தீர்வு விளம்பரங்களைத் தடுக்கும் 1954ஆம் வருஷச் சட்டத்தின் அட்டவணையில் புற்றுநோயின் பெயரும் இருக்கிறது. உங்கள் விளம்பரப் பிரிவு ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும்.

அடுத்த ஞாயிறு துளசி என்று அறிவிப்புப் போட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியைக் கட்டுரையின் கடைசியில் வைக்காமல் கட்டத்துக்குள்ளேயே வையுங்கள். குழுக்களில் சுற்றப்போவது கட்டம் மட்டும்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
கோவில்பட்டி