கரண்ட் போனதால் சாகவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு அறிவியல் பக்கத்தில், "மைட்டோகாண்ட்ரியா பழுதானால் கரண்ட் போன வீடு மாதிரி செல் செத்துவிடும், இதுதான் திட்டமிட்ட செல் இறப்பு" என்று படித்தேன். 28 வருடம் விலங்கியல் நடத்தியவன். காலைக் காப்பி ஆறிப்போனது.

மைட்டோகாண்ட்ரியா செல்லின் பவர்ஹவுஸ். அங்கே கரண்ட் போனாலும் செல் சாகும்தான். அது வீங்கி வெடிக்கிற சாவு. திட்டமிட்ட செல் இறப்பு வேறு என்று தங்களுக்குத் தெரியாததா? பேக்ஸ், பேக் என்ற புரதங்கள் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் ஓட்டை போடும். அதுவரை உள்ளே எலக்ட்ரான் கடத்திக்கொண்டிருந்த சைட்டோகுரோம் சி என்ற புரதம் வெளியே வந்து, காஸ்பேஸ்கள் என்ற புரதம் வெட்டும் நொதிகளைக் கிளப்பிவிடும். அவை செல்லை நறுக்கிப் பொட்டலம் கட்டிவிடும். உயிர்வேதியியலாளர் சியாவ்டோங் வாங்கின் குழு சைட்டோகுரோம் சி-யின் இந்த வேலையைச் சொன்னது 1996-இல். இந்த நறுக்கலுக்கே ஏடிபி, அதாவது செல்லின் கரண்ட், வேண்டும் ஐயா, கரண்ட் இல்லாத வீட்டில் எப்படி நடக்கும்?

என் அக்காவுக்கு ரத்தப் புற்றுநோய். சாக வேண்டிய செல்களை பிசிஎல்-2 புரதம் சாகவிடாமல் பிடித்துவைத்திருக்கிறது. அந்தப் பிடியை விடுவிக்கத்தான் வெனிட்டோக்ளாக்ஸ் மாத்திரை. முதல் வாரம் தினம் 20 மில்லிகிராம், படிப்படியாக ஏற்றி ஐந்தாம் வாரம் 400. எல்லாம் ஒரேயடியாகச் செத்தால் சிறுநீரகம் தாங்காதாம். அதற்காக இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை அடுப்படி மேடையில் வைத்து, இருட்டுவதற்குள் காலியாகிறதா என்று அத்தான் பார்த்துக்கொண்டே இருப்பார். உங்கள் கட்டுரையையும், அடியில் கட்டம் கட்டிப் போட்ட 'மைட்டோகாண்ட்ரியாவைக் காக்கும் 10 உணவுகள்' பட்டியலையும் படித்துவிட்டு அக்கா போன் செய்தாள்: "டேய், அப்போ நான் மாத்திரை சாப்பிடணுமா, கீரை சாப்பிடணுமா?"

தலைப்பிரட்டையின் வால் 'அழுகி விழுகிறது' என்று முன்பு ஒருமுறை எழுதினீர்கள். அதுவும் இதே செல் இறப்புதான், அழுகல் அல்ல என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். 'கட்டுரை அருமை' என்ற என் முதல் வரியை மட்டும் பிரசுரித்தீர்கள், மிக்க நன்றி. ராசிபலனுக்கு முழுப் பக்கம் இருக்கிறது. அறிவியலுக்குக் கால் பக்கம், அதிலும் பாதி ஜவுளிக்கடை விளம்பரம்.

சரி, கேட்பது இரண்டே வரித் திருத்தம். ஞாயிற்றுக்கிழமையே போடுங்கள், அக்கா அன்றைக்குத்தான் பேப்பர் வாங்குவாள். இந்தக் கடிதத்தில் 'அருமை' என்று எங்கும் எழுதவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியர்