‘கிருபாதார பலி’ என்றால் என்ன என்று கேட்கும் பிள்ளைக்கு என்ன பதில்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஆன்மிகப் பக்கத்தில் வரும் கிறிஸ்தவக் கட்டுரைகளை நான் தவறாமல் வாசித்து வருகிறேன். அவற்றில் நீதிமானாக்கப்படுதல், கிருபாதார பலி, ஒப்புரவாகுதல், திரித்துவம் போன்ற சொற்கள் எந்த விளக்கமும் இல்லாமல் வந்து போகின்றன. வாசகருக்கு இவை தெரிந்தவைதாம் என்று எழுதுகிறவர்கள் நினைக்கிறார்கள். பிரசங்க பீடத்தில் நிற்கிறவர்களும் அப்படியே நினைக்கிறார்கள். சபையில் பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தை அறிக்கையிட ஆயத்தப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எடுத்து வருகிறவன் என்ற முறையில், தெரியாது என்பதே உண்மை என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். கிறிஸ்தவரல்லாத வாசகருக்கு மட்டுமல்ல, பிறந்தது முதல் ஆலயத்திற்கு வந்துகொண்டிருப்பவர்களில் பலருக்கும் இவை பழகிப்போன ஓசைகளே தவிர, பொருள் விளங்கிய சொற்கள் அல்ல.

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பின் கடைசி நாளில், பதினைந்து வயதுப் பிள்ளை ஒருத்தி, நீதிமானாக்கப்படுதல் என்றால் என்ன என்ற கேள்விக்கு, வினாவிடைப் புத்தகத்தில் உள்ள பதிலை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள். பாராட்டிவிட்டு, “அப்படியானால் உனக்கு என்ன நடந்திருக்கிறது, அம்மா?” என்று கேட்டேன். அதே பதிலை மறுபடியும் ஒப்பித்தாள். புத்தகத்தை மூடி வைக்கச் சொல்லிவிட்டு மீண்டும் கேட்டபோது, சற்று நேரம் தலைகுனிந்திருந்தவள், “நான் நல்ல பிள்ளையாக மாறியிருக்க வேண்டும், சார். இன்னும் மாறவில்லை” என்றாள். எந்தப் போதனை அவளுடைய மனப்பாரத்தை இறக்கிவைக்க வேண்டுமோ, அதையே அவள் இன்னொரு பாரமாகச் சுமந்துகொண்டிருந்தாள். அதற்குக் காரணம் அவள் அல்ல, சொல்லைக் கொடுத்துப் பொருளைக் கொடுக்காமல் விட்ட நான்தான். அன்று தொடங்கிய கவலைதான் இன்று இந்தக் கடிதமாகியிருக்கிறது.

அவள் தடுமாறிய இடம் அந்தச் சொல்லின் வால்பகுதி. ‘ஆக்கப்படுதல்’ என்று தமிழில் கேட்டவுடன், கெட்டவன் ஒருவன் உள்ளுக்குள் நல்லவனாகச் செய்யப்படுகிறான் என்றே மனம் பொருள் கொள்கிறது. ஆனால் புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் உள்ள வினைச்சொல் நீதிமன்றத்துக்கு உரியது. வழக்கு விசாரிக்கப்பட்டு, இவன்மேல் குற்றமில்லை என்று நீதிபதி தீர்ப்பளிக்கும் செயலையே அது குறிக்கும். நியாயாதிபதிகள் நீதிமானை நீதிமான் என்றும் குற்றவாளியைக் குற்றவாளி என்றும் தீர்க்க வேண்டும் என்கிற உபாகமம் 25ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் இந்தப் பொருளைத் தெளிவாகக் காணலாம். தீர்ப்பு மனிதனின் குணத்தை அந்த நொடியில் மாற்றுவதில்லை. அவன் நிற்கும் நிலையை மாற்றுகிறது. குற்றவாளிக் கூண்டில் நின்றவன் தலைநிமிர்ந்து வெளியே வருகிறான். ‘நீதிமான் என்று தீர்ப்புப் பெறுதல்’ என்று சொல்லியிருந்தால், அந்தப் பிள்ளை தன்னைப் பார்த்துத் தலைகுனிந்திருக்க மாட்டாள். தீர்ப்பு எழுதியவரை ஏறிட்டுப் பார்த்திருப்பாள்.

இங்கே நிறுத்திவிட்டால் விளக்கம் எளிதாக இருக்கும், ஆனால் நேர்மையாக இருக்காது. துன்மார்க்கனை நீதிமானாக்குகிறவனைக் கர்த்தர் அருவருக்கிறார் என்று நீதிமொழிகள் 17:15 சொல்கிறது. அப்படியிருக்க, குற்றம் உள்ளவனைக் கடவுளே எப்படி விடுவிக்கலாம்? வகுப்பில் கூர்மையான பிள்ளை ஒருவன் இருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடமாட்டான். கடவுள் தாமும் நீதியுள்ளவராயிருந்து, விசுவாசிக்கிறவனையும் நீதிமானாக்குகிறார் என்று ரோமர் 3:26இல் அப்போஸ்தலர் பவுல் எழுதுவது இந்தக் கேள்வியை மனதில் வைத்துத்தான். குற்றம் மூடி மறைக்கப்படவில்லை, அதன் விலையை இன்னொருவர், இயேசு கிறிஸ்து, ஏற்றுக்கொண்டார் என்பதே அவருடைய பதில்.

அந்தப் பதிலைப் பிள்ளைகளுக்கு விளங்கவைக்க நான் ரோமர் நிருபத்தைவிட்டுப் பிலேமோனுக்கு எழுதிய சின்னக் கடிதத்திற்குப் போவது வழக்கம். ஓடிப்போன அடிமை ஒநேசிமுவை அவனுடைய எஜமானிடம் திருப்பி அனுப்பும் பவுல், அவன் உமக்கு அநியாயம் செய்ததும் கடன்பட்டதும் ஏதேனும் உண்டானால் அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும், நானே செலுத்தித் தீர்ப்பேன் என்று தம் சொந்தக் கையால் எழுதிக் கொடுக்கிறார். ஒருவன் பற்றில் இருந்த கடன் இன்னொருவர் பற்றுக்கு மாறுகிறது. ‘எண்ணப்படுதல்’, ‘சாட்டப்படுதல்’ என்று இறையியல் நூல்கள் பக்கம் பக்கமாக விளக்குவதை, கணக்கு நோட்டைப் பார்த்திருக்கும் எவருக்கும் அந்த ஒரு வரி சொல்லிவிடுகிறது.

இதையும் சொல்லிவிட வேண்டும். நான் மேலே தந்தது சீர்திருத்தச் சபைகளின் விளக்கம். பாவமன்னிப்போடு உள்ளான புதுப்பித்தலும் இந்தச் சொல்லில் அடங்கும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் 1547இல் போதித்தது. கத்தோலிக்கர் அப்படியே கற்பிக்கிறார்கள். நெடுங்காலம் நீடித்த இந்தப் பிணக்கில், 1999 அக்டோபர் 31 அன்று லுத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. நம் தகுதியைப் பார்த்து அல்ல, கிருபையினாலேயே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்பதில் இரு தரப்பும் அங்கே உடன்பட்டன. எனவே, ‘நான் முதலில் நல்லவளாக மாறியிருக்க வேண்டும்’ என்ற அந்தப் பிள்ளையின் எண்ணத்தை இரண்டு பக்கத்தில் எதுவும் ஆமோதித்திருக்காது.

எல்லாவற்றிலும் கடினமானது, சிலுவையில் இயேசு பலியானதைக் குறிக்கும் ‘கிருபாதார பலி’ என்ற சொல். ரோமர் 3:25ஐ வாசிக்கும்போது சபையில் பாதிப்பேர் அந்த இடத்தை மூச்சுவிடாமல் தாண்டிப் போவதை நான் கவனித்திருக்கிறேன். அங்கே மூலத்தில் உள்ள ‘ஹிலாஸ்தேரியோன்’ என்ற அதே சொல் எபிரெயர் 9:5இல் வரும்போது, நம் பழைய மொழிபெயர்ப்பு அதைக் ‘கிருபாசனம்’ என்று தருகிறது. பழைய ஏற்பாட்டு இஸ்ரவேலரின் உடன்படிக்கைப் பெட்டியின் மேல், இரண்டரை முழ நீளமும் ஒன்றரை முழ அகலமும் கொண்ட பசும்பொன் மூடியாக இருந்ததுதான் அந்தக் கிருபாசனம். ஆண்டுக்கு ஒருமுறை, பாவநிவிர்த்தி நாளில், பிரதான ஆசாரியன் மட்டும் மகா பரிசுத்த இடத்தை மறைத்திருந்த திரைக்குள்ளே நுழைந்து பலியின் இரத்தத்தை அதன்முன் ஏழுதரம் தெளிப்பான். பெட்டிக்குள்ளே மக்கள் மீறிய கட்டளைகள் எழுதப்பட்ட கற்பலகைகள். மேலே கடவுளின் சமுகம். இரண்டுக்கும் நடுவே அந்த இரத்தம். இந்தக் காட்சியைச் சொல்லிவிட்டு, எவரும் காணாதபடி திரைக்குள்ளே நடந்ததைக் கடவுள் சிலுவையில் எல்லாரும் காண வெளியரங்கமாக்கினார் என்று சொல்லும்போது, பத்து வயதுப் பிள்ளையும் நிமிர்ந்து உட்காருகிறது.

1995இல் வெளிவந்த ‘திருவிவிலியம்’ என்ற தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பு இதற்குக் ‘கழுவாய்’ என்ற சொல்லை எடுத்தது. புறநானூற்றின் 34ஆம் பாடலிலேயே, செய்த தீவினைக்குத் தேடும் பரிகாரம் என்ற பொருளில் அது இருக்கிறது. கழுவுதல் அதற்குள்ளேயே ஒலிப்பதால் நல்ல சொல் என்றே நான் மதிக்கிறேன். ஆனால் பாவத்தின் கறை நீங்குவதை அது சொல்லுகிற அளவுக்கு, பாவத்தின்மேல் கடவுளுக்கு உள்ள கோபம் தணிவதைச் சொல்லுவதில்லை. கிரேக்கச் சொல் இந்த இரண்டில் எதைக் குறிக்கிறது என்று அறிஞர்கள் நெடுங்காலமாக வாதாடி வருகிறார்கள். இரண்டும் அதில் உண்டு என்பது என் துணிபு. ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்ல வேண்டும். கோபமுள்ள ஒரு தெய்வத்தை மனிதன் பலி கொடுத்துச் சாந்தப்படுத்துகிறான் என்று பிள்ளைகள் புரிந்துகொண்டால், அது முழுவதும் தலைகீழ். நாம் தேவனிடத்தில் அன்பு கூர்ந்ததினால் அல்ல, அவர் நம்மிடத்தில் அன்பு கூர்ந்து தம் குமாரனை அனுப்பினார் என்று, இந்தப் பலியைப் பேசுகிற அதே இடத்தில் 1 யோவான் 4:10 சொல்கிறது. கொடுத்தவர் அவரே.

‘ஒப்புரவாகுதல்’ வேறு விதமான சிக்கல். திருக்குறளில் ஒப்புரவறிதல் என்று ஓர் அதிகாரமே உண்டு; அங்கே அது ஊருக்குப் பயன்பட வாழும் கடமை. ஆகவே தமிழ் படித்தவர்கள்கூட வேதாகமத்தில் இந்தச் சொல்லைக் கண்டால் வள்ளுவர் சொன்ன பொருளுக்குப் போய்விடுகிறார்கள். பவுல் சொல்வது, பகையாளியாயிருந்தவர்கள் மறுபடி உறவாவதை. கணவனைப் பிரிந்து போன மனைவி அவனோடு மீண்டும் சேர்வதற்கும் 1 கொரிந்தியர் 7:11இல் இதே சொல்லைத்தான் அவர் பயன்படுத்துகிறார். பேச்சுவார்த்தை நின்றுபோன வீட்டில் யாரோ ஒருவர் முதலில் வாய் திறந்தாக வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். தவறு செய்யாத பக்கத்திலிருந்து முதல் வார்த்தை வந்தது என்பதே 2 கொரிந்தியர் 5ஆம் அதிகாரத்தின் செய்தி.

‘மனந்திரும்புதல்’ மட்டும், எனக்குத் தெரிந்தவரை, மூலத்திற்கு ஈடாக நிற்கும் சொல். கிரேக்கச் சொல்லில் மனம் மாறுவது இருக்கிறது. எபிரெயச் சொல்லில் போன வழியைவிட்டுத் திரும்பி வருவது இருக்கிறது. தமிழ் இரண்டையும் ஒரே சொல்லில் கட்டிவிட்டது. ஆனால் பயன்பாட்டில் நாம் அதை அழுகையாகச் சுருக்கிவிட்டோம். யூதாசும் மனஸ்தாபப்பட்டான், குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன் என்று ஒத்துக்கொண்டு முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுபோனான், ஆனால் தான் காட்டிக்கொடுத்தவரிடம் திரும்பிப் போகவில்லை. பேதுரு இயேசுவை மூன்று முறை மறுதலித்து மனங்கசந்து அழுதான். பிறகு ஒரு விடியற்காலையில், கரையில் நிற்பவர் கர்த்தர் என்று கேட்டவுடன் படகு கரைசேரும்வரை பொறுக்காமல் கடலில் குதித்தான். இந்த வேறுபாட்டைச் சொன்னபின் மனந்திரும்புதலுக்கு வரையறை எழுதிப் போட வேண்டிய தேவை எனக்கு வந்ததில்லை.

எளிமைப்படுத்துவதாக நினைத்துப் பிழையைக் கற்பிக்கும் ஆபத்தும் உண்டு. ஒரே கடவுள் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூவராக இருக்கிறார் என்னும் திரித்துவம் அதற்குச் சாட்சி. தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்ற உவமையை நானும் பல ஆண்டுகள் சொல்லியிருக்கிறேன், இப்போது சொல்வதில்லை. அந்த உவமையில் ஒரே பொருள் முறைவைத்து மூன்று உருவம் எடுக்கிறது. கடவுள் ஒருவரே மூன்று வேடங்களில் தோன்றினார் என்ற அந்தக் கருத்தைத்தான் மூன்றாம் நூற்றாண்டிலேயே திருச்சபை மறுத்தது. ‘மூன்று ஆள்கள்’ என்று சொன்னாலோ, பிள்ளைகளின் மனதில் மூன்று மனிதர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இயேசு ஞானஸ்நானம் பெற்ற காட்சியைக் காட்டுவதே நல்லது. குமாரன் தண்ணீரிலிருந்து கரையேறுகிறார், ஆவியானவர் புறாவைப்போல் இறங்குகிறார், பிதாவின் குரல் வானத்திலிருந்து கேட்கிறது. மூவரும் ஒரே வேளையில் இருக்கிறார்கள், ஆனாலும் கடவுள் ஒருவரே. 325இல் நிசேயாவிலும் 381இல் கான்ஸ்தாந்திநோபிளிலும் கூடிய பொதுச்சங்கங்கள் சொற்களைத் தேர்ந்தெடுத்தது இந்த மறைபொருளை உடைத்துப் பார்க்க அல்ல, தவறான பக்கம் சாய்ந்துவிடாமல் வேலி கட்டத்தான். எளிய தமிழில் அதையும் சொல்லலாம்.

பழைய சொற்களை மாற்றினால் அவற்றின் கனம் போய்விடும் என்று மூத்தவர்கள் சிலர் வருந்துகிறார்கள். அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன். சொற்களை எடுத்துவிட வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. ஆனால் இவை பிறந்தபோது கனமான சொற்களாகப் பிறக்கவில்லை. புதிய ஏற்பாட்டின் கிரேக்கம் சாதாரண மக்கள் கடிதத்திலும் ரசீதிலும் எழுதிய கிரேக்கமே என்பதை, எகிப்தின் மணலில் கிடைத்த பாப்பிரஸ் ஏடுகளைக் கொண்டு அடால்ஃப் டைஸ்மன் என்ற ஜெர்மானிய அறிஞர் நூறாண்டுகளுக்கு முன்பே எடுத்துக்காட்டினார். பரிசுத்த ஆவியானவரைப் பவுல் ‘அச்சாரம்’ என்கிறாரே, அது சந்தைச் சொல். நம் பழைய மொழிபெயர்ப்பாளர்களும் தயங்காமல் சந்தைச் சொல்லையே எடுத்தார்கள். அச்சாரம் கொடுத்தவர் மீதியையும் கொடுப்பார் என்பதற்கு உரைநூல் வேண்டியதில்லை. வீட்டிலிருக்கும் தாயும் தெருவிலிருக்கும் பிள்ளைகளும் சந்தையிலிருக்கும் மனிதனும் பேசுவதைக் கேட்டுத்தான் மொழிபெயர்க்க வேண்டும் என்று, வேதாகமத்தை ஜெர்மன் மொழியில் தந்த லுத்தர் 1530இல் எழுதியதும் இதனால்தான்.

ஆகவே தங்களிடம் வைக்கும் வேண்டுகோள் சிறியது. இப்படிப்பட்ட சொல் கட்டுரையில் முதன்முதலாக வருமிடத்தில், அது எந்த இடத்திலிருந்து பிறந்தது, இன்று வாசிக்கிறவருக்கு அதனால் என்ன ஆகிறது என்பதை இரண்டு வாக்கியத்தில் சொல்லுமாறு கட்டுரையாளர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வகுப்பில் இப்போது வினாவிடையை ஒப்பித்து முடித்தபின் புத்தகத்தை மூடிவைத்து, தங்கள் பாட்டிக்குச் சொல்வதுபோல் அதையே ஒருமுறை சொல்லச் சொல்கிறோம். சென்ற மாதம் ஒரு சிறுவன் கிருபாசனத்தைச் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, “அந்தத் திரை இப்போது இருக்கிறதா, சார்?” என்று கேட்டான். இயேசு மரித்தபோது தேவாலயத்தின் திரைச்சீலை மேல்தொடங்கிக் கீழ்வரைக்கும் இரண்டாகக் கிழிந்தது என்கிற மத்தேயு 27:51ஐ எடுத்து அவனையே வாசிக்கச் சொன்னேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
திடப்படுத்தல் வகுப்பு ஆசிரியர் ஒருவர்