பேரனுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை

கோபிச்செட்டிபாளையம்

அன்புள்ள சென்னியப்பா,

உன் கடிதம் போன வாரம் வந்தது. தங்கச்சிக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது என்று படித்த பிறகுதான் மனசு நிம்மதியானது. இங்கே எல்லாரும் சௌக்கியம். தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் நிறைய ஓடுகிறது. அம்மாவுக்கு 88 வயது முடிந்துவிட்டது; காது மட்டும் கொஞ்சம் மந்தம், மற்றபடி நடமாட்டம் குறையவில்லை.

பேரனுக்கு மூன்று மாதம் ஆகப்போகிறது. போன வாரம்தான் மருமகளையும் அவனையும் பெருந்துறையிலிருந்து இங்கே கூட்டி வந்தோம். பெயர்தான் இன்னும் முடிவாகவில்லை. ரோகிணி நட்சத்திரம், அதனால் ஒ, வா, வி, வு என்ற எழுத்துகளில் தொடங்க வேண்டும் என்று ஜோசியர் எழுதிக் கொடுத்திருக்கிறார். சம்பந்தி, இங்கிலீஷில் எழுதிக் கூட்டினால் எண் சரியாக வர வேண்டும் என்கிறார். பையனும் மருமகளும் செல்போனில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள்: விஹான், விவான், வியான். "விஹான்" என்று மருமகள் அம்மாவின் காதருகே போய்ச் சொன்னாள். அம்மா, "வெமானமா? பையனுக்கா?" என்று கேட்டார். வீடே சிரித்தது, அம்மாவும் சேர்ந்து சிரித்தார். அப்புறம் நான் தனியாக உட்கார்ந்து யோசித்தேன். அவர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடப் போவதே இல்லை. அவர் வாய்க்குள் அந்த "ஹா" நுழையாது.

உனக்குத் தெரியும், 34 வருஷம் வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்துப் பெயர் வாசித்தவன் நான். நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஒரே வகுப்பில் நான்கு பழனிசாமி இருப்பார்கள், இனிஷியலைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அப்புறம் ரமேஷ், சுரேஷ், சதீஷ் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கார்த்திக்கும் விக்னேஷும். நான் ஓய்வு பெறும் காலத்தில் கவின், நிதின், தர்ஷன். பெயரைச் சொன்னால் பையன் பிறந்த வருஷத்தைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடுவேன்.

அந்தக் காலத்துப் பெயர் வருஷத்தைச் சொல்லாது, ஊரைச் சொல்லும். மகுடேசுவரன் என்றால் கொடுமுடிப் பக்கம். அர்த்தநாரி, செங்கோட்டையன் என்றால் திருச்செங்கோடு. மருதாசலம் என்றால் மருதமலை, அவிநாசியப்பன் என்றால் கேட்கவே வேண்டாம். நீ தாம்பரத்தில் குடியேறிய புதிதில், "சென்னியப்பனா, சென்னையில் பிறந்தீர்களா?" என்று ஒருவர் கேட்டதாக எழுதியிருந்தாய். எனக்கோ உன் பெயரை எழுதும்போதே சென்னிமலைப் படிக்கட்டும், கைத்தறிச் சத்தமும் கூடவே வந்துவிடுகின்றன. பெயர் அதேதான், கேட்கிறவர் எந்த ஊர்க்காரர் என்பதைப் பொறுத்து வேறு படமாகத் தெரிகிறது.

பெயரைக் கேட்டதும் மனசு ஒரு முகத்தை வரைந்துவிடுகிறது, சென்னியப்பா. அதில் நான் பெரிய தவறு செய்திருக்கிறேன். ஒரு வருஷம் எட்டாம் வகுப்பில் முனியப்பன் என்று ஒரு பையன் புதிதாகச் சேர்ந்தான். ஆளைப் பார்ப்பதற்கு முன்பே, பட்டியலில் பெயரைப் படித்து, முரடனாக இருப்பான் என்று கடைசி பெஞ்சுக்கு ஒதுக்கிவிட்டேன். அவன் குரலே வெளியே வராத பையன். கண்ணும் சரியாகத் தெரியாது. கரும்பலகை தெரியவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு அரைப்பரீட்சை வரைக்கும் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தான். அரை வருஷப் படிப்பு அவனுக்கு என்னால் வீணானது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு நாள் காலனியிலிருந்து ஒருவர் மகனைச் சேர்க்க வந்தார். சட்டையின் மேல் பொத்தான் வரைக்கும் போட்டிருந்தார். "என்னைய காட்டுக்காரங்க பழனான்னுதானுங்க கூப்புடறாங்க, எம்பேரு பழனிசாமிங்க. பையனுக்கு ராமசாமின்னு போடுங்க. சாமிய உட்டுராதீங்க. தெனமும் அப்படியே முழுசாக் கூப்புடுங்க" என்றார். வருஷம் முழுக்க அந்தப் பெயரை வாசிக்கும்போது என் குரல் தானாகவே கொஞ்சம் உயர்ந்துவிடும். சிலருக்கு "சாமி" பிறந்தபோதே கூட வருகிறது. சிலருக்கு அதைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. ஈரோட்டிலிருந்து கிளம்பிய பெரியாரின் சுயமரியாதை இயக்கம் 1929-இல் செங்கல்பட்டு மாநாட்டில் சாதிப் பட்டத்தை விடச் சொன்னது. பெயரின் வாலை நாம் வெட்டிவிட்டோம், அதுவரைக்கும் நல்லது. ஆனால் பழனிசாமியைப் பழனான் ஆக்கும் நாக்கை யாரும் பதிவேட்டில் திருத்த முடியவில்லை.

பையனிடம் நான் குமரன் என்று சொல்லிப் பார்த்தேன். எழுத்து சேராது என்று தெரியும், இருந்தாலும் சொன்னேன். உங்கள் சென்னிமலையில் 1904-இல் பிறந்த குமாரசாமிதானே, 1932 ஜனவரியில் திருப்பூரில் அடிபட்டு விழுந்தபோதும் கொடியை விடாமல் திருப்பூர் குமரன் ஆனார்? அந்தப் பெயருக்கு இளைஞன் என்று பொருள், முருகன் என்றும் பொருள். இந்தப் பக்கத்தில் அதற்கு மூன்றாவதாக ஒரு பொருளும் உண்டு, அதை 27 வயதில் ஒருவர் தன் உயிரைக் கொடுத்துச் சேர்த்தார். தீரன் என்ற பெயரும் அப்படித்தான். சங்ககிரியில் 1805-இல் தூக்கிலிடப்பட்ட சின்னமலைக்குப் பெற்றோர் வைத்த பெயர் தீர்த்தகிரி. இப்போது நம் பக்கத்துக் குழந்தைகளுக்குத் தீரன் என்று வைக்கிறார்கள், தீர்த்தகிரி என்று ஒரு குழந்தையைக்கூட நான் பார்த்ததில்லை.

"உங்க பேரை வைக்கலேன்னு வருத்தமாப்பா?" என்று பையன் கேட்டான். பேரன் என்ற சொல்லே பெயரன்தான், தாத்தா பெயரைத் தாங்குகிறவன். நான் அப்படித்தானே என் அப்பாருவின் பெயரைத் தாங்குகிறேன். வருத்தமில்லை என்றேன். உண்மையாகவே இல்லை. பள்ளிக்கூடத்தில் குப்பை, குப்பை என்று கூப்பிட்டு என்னை அழவைத்தவர்களை நீ அறிவாய். ஒரு நாளும் அப்படிக் கூப்பிடாத ஒரே கூட்டாளி நீதான். அந்த அழுகை என் பேரனுக்கு வேண்டாம். ஆனால் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். அம்மாவைச் சொல்லச் சொன்னேன்.

அம்மா மாமனார் பெயரை இன்றுவரை வாயால் சொன்னதில்லை. குப்பை என்ற சொல்லையே சொல்ல மாட்டார், கூளம் என்றுதான் சொல்வார். என்னையும் "சாமி" என்றுதான் கூப்பிட்டு வளர்த்தார். அன்றும் என்னைக் கை காட்டி, "இவம் பேருதான் அவுருக்கும்" என்றுதான் தொடங்கினார். அப்பாருக்கு முன்னால் மூன்று குழந்தைகள் பிறந்து தங்கவில்லை. நாலாவதாக இவர் பிறந்ததும், சாவு கண்ணு வைக்காமல் இருக்கட்டும் என்று கிணற்று மேட்டுக் குப்பையில் ஒரு புரட்டுப் புரட்டி, பக்கத்துக் காட்டு அம்மாவிடம் தவிட்டுக்கு விற்று, திரும்ப வாங்கி, அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். யாரும் ஆசைப்படாத பெயராக இருந்தால் எமனும் ஆசைப்பட மாட்டான் என்று ஒரு தாய் நம்பியிருக்கிறாள்.

மருமகள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "அந்த மூணு குழந்தைகளுக்கும் என்ன பேரு ஆத்தா?" என்றாள். அம்மாவுக்கு முதலில் கேட்கவில்லை. மறுபடியும் சத்தமாகக் கேட்டாள்.

"பேரு வெக்கற வரைக்கும் எங்கே கண்ணு இருந்துதுங்க" என்றார் அம்மா.

அதற்கப்புறம் யாரும் பட்டியலை எடுக்கவில்லை. ராத்திரி மருமகள் என்னிடம் வந்து, ஆத்தா வாயில் வருகிற மாதிரி, ஹ இல்லாத ஒரு பெயராகப் பார்க்கலாமா மாமா என்று கேட்டாள். வளவன் என்றேன், வசந்தன் என்றேன். விசாகன் அவளுக்குப் பிடித்திருக்கிறது. ரோகிணியில் பிறந்தவனுக்கு விசாகத்தின் பெயரா என்று சம்பந்தி யோசிக்கிறார். முருகன் பெயர்தானே, எனக்குச் சம்மதம்.

அவசரமும் இல்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தாகிவிட்டது, பெயர்க் கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. 12 மாதத்துக்குள் பெயரைக் கொடுத்தால் கட்டணம்கூடக் கிடையாது. அதுவரைக்கும் அவன் எங்கள் எல்லாருக்கும் சாமிதான். அம்மா அப்படிக் கூப்பிட்டால் நான் திரும்புகிறேன், அவனும் திரும்புகிறான்.

வ எழுத்தில் நல்ல பெயர் தோன்றினால் உடனே எழுது. தங்கச்சியிடமும் கேள், அவருக்கு இந்த விஷயத்தில் என்னை விட நல்ல மனசு. தைப்பூசத் தேருக்குச் சென்னிமலை வருவாய் அல்லவா? இரண்டு நாள் முன்னதாகக் கிளம்பி இங்கே வந்து, குழந்தையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போ.

அன்புடன்,
உன் குப்புசாமி