புளியமர ஏலமும் டாட்காம் ஏலமும்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை, ஒரு ஏலத் தகராறு. வங்கியில் கடன் வசூல் பிரிவில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவன் நீ. உன்னிடம் சொன்னால்தான் மனசு ஆறும்.

என்னிடம் கிடந்த டாட்காம் பெயர்களில், அதாவது இணையதள முகவரிகளில், ஒன்றைப் போன மாதம் ஏலத்தில் விட்டேன். மசாலா வியாபாரத்துக்குப் பொருந்தும் பெயர். வருஷா வருஷம் புதுப்பித்துப் புதுப்பித்துச் சலித்துப்போய், 500 டாலர் வந்தால் போதும் என்றிருந்தேன். கடைசி நாள் ராத்திரி நானும் உன் தங்கச்சியும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தோம். மூன்றாவது ஆள் 410 டாலரில் கழன்றுகொண்டான். மிச்சம் இரண்டே பேர். கடைசி ஐந்து நிமிஷத்துக்குள் யாராவது ஏற்றிக் கேட்டால் கடிகாரம் மறுபடி ஐந்து நிமிஷம் நீளும். அப்படியே ஒன்றே கால் மணி நேரம் இழுத்து, 2,350 டாலரில் முடிந்தது. அவள் அப்போதே புது கிரைண்டர் விலை பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

பணம் கட்ட ஏழு நாள் கெடு. ஏழாவது நாளும் போனது. மெயிலுக்குப் பதில் இல்லை. ஏலத் தளத்துக்காரர்கள், "அவருடைய கணக்கை முடக்கிவிட்டோம், இரண்டாவதாக வந்தவரிடம் 2,300-க்குக் கேட்டுப் பார்க்கிறோம்" என்றார்கள். கணக்கை முடக்கினால் என்ன, வேறு மெயிலில் இன்னொரு கணக்கு திறக்க அவனுக்கு எத்தனை நிமிஷம் ஆகும்?

நம் ஊரில் பஞ்சாயத்துப் புளியமர ஏலம் ஞாபகம் இருக்கிறதா? டேவணித்தொகை என்கிற முன்பணம் கட்டின ரசீது இல்லாதவன் வாயைத் திறக்க முடியாது. உன் வங்கி ஏலம் இன்னும் கறார். ஏலம் முடிந்த அன்றோ மறு வேலை நாளிலோ 25 சதவீதம், மிச்சம் 15 நாளில், தவறினால் கட்டியது போச்சு. அப்படிப் பறிமுதல் செய்தது செல்லும் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது நீதான் குஷியாக போன் பண்ணினாய். நான் விற்ற இடத்தில் கேட்பதற்கு ஒரு பைசா முன்பணம் கிடையாது. வேறு சில தளங்களில் பெரிய தொகை கேட்பவர்களை முதலில் அடையாளம் காட்டச் சொல்கிறார்கள். நான் கமிஷன் குறைவு என்று இங்கே போனேன். என் புத்தி.

சரி, இரண்டாவது ஆள் வாங்கிக்கொள்வான் என்று நானும் நம்பினேன். அவன் தளத்துக்குப் பதில் சொல்லாமல், அந்தப் பெயரைத் தட்டினால் வரும் பக்கத்தில் உள்ள படிவம் வழியாக நேராக எனக்கே எழுதினான். ஒரே வரிதான். "அந்த முதல் ஆள் நீதானே?"

சுருக்கென்றது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவன் கேட்டதில் தப்பில்லை. முதல் ஆள் ஏலத்துக்கே வராமல் இருந்திருந்தால் இவனுக்கு 420-க்குக் கிடைத்திருக்கும். 420-லிருந்து 2,300 வரை இவனை ஏற்றிவிட்டது பணம் கட்டாத ஒருத்தன். அவன் பொய் என்றால் அவன் ஏற்றின விலை மட்டும் எப்படி நிஜமாகும்? இரண்டாவது ஆளிடம் அதே விலைக்குக் கேட்பது நியாயம் மாதிரி தெரியும். ஆனால் விற்கிறவனே கள்ளப் பெயரில் ஏற்றிவிட்டாலும் கணக்கு இதே கணக்குதானே. இந்தத் தொழிலில் அது நடக்காததும் இல்லை. ஸ்நாப்நேம்ஸ் என்ற ஏல நிறுவனத்தில் அவர்களுடைய அதிகாரி ஒருவரே வேறு பெயரில் கேட்டு விலையை ஏற்றியிருந்தார். 2009 நவம்பரில் நிறுவனமே அதை ஒப்புக்கொண்டு, அதிகம் கட்டியவர்களுக்கு வட்டியோடு திருப்பித் தர முன்வந்தது. அப்போது பெயர் வாங்கியவர்களுக்கு இன்னும் அந்த எரிச்சல் போகவில்லை.

அந்த முதல் ஆள் நான் இல்லை என்று எப்படி நிரூபிப்பது? இல்லாததை நிரூபிக்க முடியாது. உன் தங்கச்சி, "அவன் கையால்தானே 2,300 என்று அடித்தான், கொடுக்கட்டும்" என்றாள். அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. கிரைண்டரும் இருக்கிறது. இரண்டு நாள் குழம்பி, 900 கேட்டேன். அவன் 420-லேயே நின்றான். கடைசியில் தளத்தின் வழியாகவே 600-க்கு முடிந்தது. பணம் வந்து சேர்ந்த பிறகுதான் பெயரை மாற்றும் ரகசியக் குறியீட்டைக் கொடுத்தேன். அதில் மட்டும் நான் ஏமாறுவதில்லை.

ஜெயித்துவிட்டுக் கட்டாமல் போகிறவர்கள் எல்லாரும் விளையாட்டுப் பிள்ளைகள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். ராத்திரி சூட்டில் கேட்டுவிட்டுக் காலையில் வயிறு கலங்குகிறவர்களும் உண்டுதான். இப்போது வேறொன்று தோன்றுகிறது. கெடு முடிகிற வரை பெயர் அவனுக்காகவே காத்திருக்கிறதல்லவா? அதற்குள் கூடுதல் விலைக்கு ஒரு கம்பெனி சிக்கினால் கட்டுவான், சிக்காவிட்டால் காணாமல் போவான். ஏழு நாள், பைசா செலவில்லாத அட்வான்ஸ்!

இதை ஏன் சொல்கிறேன் என்றால், முந்தாநாள் ஒரு மெயில் வந்தது. ஏலத்தில் பார்த்த அதே புனைபெயர், மெயில் முகவரி மட்டும் புதுசு. "வணக்கம், இந்தப் பெயர் இன்னும் விற்பனைக்கு இருக்கிறதா? உடனே பணம் தரத் தயார்." வாங்க ஆள் சிக்கிவிட்டான் போல. மெயிலை அப்படியே 600 டாலர்காரனுக்கு அனுப்பி வைத்தேன். சிரிக்கிற பொம்மை ஒன்றைப் பதிலுக்கு அனுப்பியிருந்தான்.

பொங்கலுக்கு வருகிறாய்தானே? அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா என்று எழுது. கிரைண்டர் இன்னும் வாங்கவில்லை, அதை வைத்து அவளைக் கிண்டல் பண்ணாதே.

அன்புடன்,
உன் மச்சான்