லங்காஸ்டருக்கு பஸ் ஏற்பாடு செய்யும் தமிழ்ச் சங்கத்தாருக்கு

அன்புள்ள நிர்வாகிகளுக்கு,

வணக்கம். நியூ ஜெர்சி, மேரிலாந்து, டெலவேர் பக்கமிருந்து கோடை வந்தால், குதிரைவண்டியில் போய்வந்து தனித்து எளிமையாக வாழும் கிறிஸ்தவச் சமூகமான ஆமிஷ் மக்களைப் பார்க்க என்று ஆட்களைக் கூட்டிக்கொண்டு பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் கவுண்டிக்கு வருகிறீர்கள். அதே மக்களுக்கு அக்கம்பக்கத்தில் குடியிருக்கும் தமிழர்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். பஸ்ஸில் ஏறியதும் கையில் கொடுக்கும் துண்டறிக்கையில் ஒரு வரி தவறாமல் வருகிறது: "தொழில்நுட்பமே வேண்டாம் என்று 300 வருஷத்துக்கு முன்பு போலவே வாழ்கிறவர்கள்." எங்கள் முக்கிய வழக்கு அந்த ஒரு வரியோடுதான்.

அவர்கள் வேண்டாம் என்று சொல்வது இயந்திரத்தை இல்லை. ஒவ்வொரு இயந்திரத்தையும் வாசலில் நிறுத்தி, "நீ உள்ளே வந்தால் நாங்கள் யாரை நம்பி இருக்க வேண்டிவரும்?" என்று கேட்கிறார்கள். பதிலைப் பொறுத்துச் சிலதை விடுவார்கள், சிலதைத் திருப்பி அனுப்புவார்கள், பலதைக் கழற்றி வேறு மாதிரி பூட்டி உள்ளே எடுப்பார்கள்.

பால் பண்ணையை எடுத்துக்கொள்ளுங்கள். 1960-களில் பால் கம்பெனிகள் கேனில் பால் வாங்குவதை விட்டுவிட்டு, பண்ணையிலேயே பெரிய குளிர்தொட்டி இருக்க வேண்டும் என்றன. தொட்டியைக் குளிர்விக்க வேண்டும். பாலாடை மேலே ஒதுங்காமல் அவ்வப்போது கலக்கியும் விட வேண்டும். இரண்டுக்கும் கரண்ட் தேவை. ஆனால் வீதிக் கம்பியிலிருந்து மின்சாரம் எடுப்பதில்லை என்று லங்காஸ்டர் சபை 1920 வாக்கிலேயே முடிவு செய்திருந்தது. பிஷப்புகள் கூடிப் பேசினார்கள். குளிர்சாதனத்தை டீசல் எஞ்சின் ஓட்டட்டும், கலக்கிக்கு 12 வோல்ட் பேட்டரி போதும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பால் லாரி வரக்கூடாது என்று முடிவானது. கம்பெனிகள் இறங்கி வந்தன. அந்தப் பேரத்தால்தான் இன்றைக்கும் இங்கே மாட்டுத் தொழுவங்கள் இருக்கின்றன.

பேட்டரிக்கு உண்டு, கம்பிக்கு இல்லை என்றால் அது வேடிக்கையாகத் தோன்றும். பேட்டரி இவ்வளவுதான் என்று ஓர் அளவோடு வருகிறது. கம்பி அப்படியில்லை. இன்று விளக்கு, நாளை ரேடியோ, மறுநாள் டிவி என்று எதையும் யாரையும் கேட்காமல் கொண்டுவந்து இறக்கும், கூடவே ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு கம்பெனியோடு வீட்டை நிரந்தரமாக முடிச்சுப் போட்டுவிடும்.

தச்சுப் பட்டறை பக்கம் போனால் இன்னும் சுவாரசியம். வெளியே கொட்டகையில் டீசல் எஞ்சின் ஓடும். அது காற்றழுத்தக் கம்ப்ரசரைச் சுற்றும். காற்று ஒரு பெரிய இரும்பு டேங்கில் சேர்ந்து, குழாய் வழியாகப் பட்டறைக்கும் சில இடங்களில் வீட்டுக்கும் போகும். ரம்பம், உப்புத்தாள் இயந்திரம், தையல் மெஷின், மாவு பிசையும் மிக்சர், கிணற்று பம்பு என எதுவானாலும் மின் மோட்டாரைக் கழற்றிவிட்டுக் காற்று மோட்டாரைப் பூட்டியிருப்பார்கள். வேடிக்கையாக இதை ‘ஆமிஷ் கரண்ட்’ என்பார்கள். உங்கள் பஸ்ஸில் வரும் மெக்கானிக்கல் இன்ஜினியர் இதைப் பார்த்ததும் சிரிப்பார். சிரிக்கக் காரணமும் உண்டு. மோட்டாரில் 1 குதிரைத்திறன் கிடைக்க, கம்ப்ரசரில் ஏழெட்டு குதிரைத்திறன் செலவாகும், மிச்சமெல்லாம் சூடாகப் போகும். குழாய் இணைப்பில் ஊசி முனை ஒழுக்கு இருந்தால் எஞ்சின் ஓய்வே இல்லாமல் ஓடும். காற்றை அழுத்தும்போது அதிலுள்ள ஈரம் டேங்கின் அடியில் தண்ணீராகத் தேங்கும். அடிவால்வைத் திறந்து அடிக்கடி வடிக்காவிட்டால் டேங்க் உள்ளே துருப்பிடிக்கும், ஜனவரிக் குளிரில் குழாய்க்குள் பனிக்கட்டி அடைத்துப் பட்டறையே நின்றுபோகும். மோட்டாருக்குக் காற்றோடு துளித்துளியாக எண்ணெய் போகாவிட்டால் உள்ளே தகடு தேய்ந்துவிடும். இவ்வளவு தொல்லையும் தெரிந்தேதான் வைத்திருக்கிறார்கள். காற்றில் டிவி ஓடாது.

போன் கதையும் இதே மாதிரிதான். 1910 வாக்கில் வீட்டுக்குள் போன் கூடாது என்றானது. இன்றைக்குப் பண்ணைப் பாதை ஓரத்தில் கொல்லைக் கழிப்பறை அளவில் ஒரு மரப்பெட்டி அறை நிற்பதைப் பார்ப்பீர்கள், தயவுசெய்து அதைக் கழிப்பறை என்று நினைத்துக் கதவைத் திறக்க வேண்டாம். அது போன் அறை. சில குடும்பங்கள் பங்கு போட்டு வைத்திருப்பார்கள். குரல் செய்தி விட்டால் வந்து கேட்டுவிட்டுத் திருப்பி அழைப்பார்கள். பேசலாம், ஆனால் சாப்பாட்டு மேசையில் மணி அடிக்கக்கூடாது. காரும் அப்படித்தான். சொந்தமாக வைத்துக்கொள்ளக் கூடாது, ஆனால் வெளியார் ஓட்டும் வேனை வாடகைக்குப் பிடித்து ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் போவார்கள். இதைப் போலித்தனம் என்று பஸ்ஸில் யாராவது சொல்வார். நினைத்த நேரத்தில் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்ப முடியாதபோது, பிழைப்பும் சொந்தபந்தமும் குதிரை போகும் தூரத்துக்குள் நிற்கின்றன. விதியின் நோக்கமே அதுதான். ஸ்மார்ட்போன்தான் இன்றைக்கு அவர்களுக்குப் பெரிய தலைவலி. கட்டட வேலைக்குப் போகும் இளைஞர்களின் பாக்கெட்டில் அது ஏற்கெனவே இருக்கிறது.

இந்த விதிகளுக்கு ‘ஓர்ட்னுங்’ என்று பெயர். எல்லா ஆமிஷுக்கும் பொதுவான தலைமைப் பீடம் எதுவும் இல்லை. ஏறக்குறைய 25 முதல் 40 குடும்பங்கள் கொண்ட ஒவ்வொரு சபையும் ஆண்டுக்கு இருமுறை, திருவிருந்துக்கு முன் கூடி, தன் விதியை ஒத்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் இங்கே குதிரைவண்டி சாம்பல் நிறம், ஒஹையோவில் கறுப்பு, சில குழுக்களில் மஞ்சள். ஆகவே "ஆமிஷ் இப்படித்தான்" என்று மைக்கில் சொல்லும்போது "லங்காஸ்டரில்" என்ற ஒரு சொல்லையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். போதகரைத் தேர்ந்தெடுப்பதை விளக்க உங்களுக்கு நல்ல உதாரணம் கையிலேயே இருக்கிறது, அதுதான் உத்திரமேரூர்க் குடவோலை. சபையார் முன்மொழிந்த ஆட்களின் எண்ணிக்கைக்குப் பாட்டுப் புத்தகங்களை அடுக்கி, ஒன்றில் மட்டும் சீட்டு வைப்பார்கள். அந்தப் புத்தகத்தை எடுத்தவர் போதகர். படிப்பு கேட்பதில்லை, சம்பளமும் கிடையாது. உத்திரமேரூரில் பதவி 360 நாள், இங்கே ஆயுளுக்கும்.

பஸ்ஸில் பாதிப்பேர் கார்ப்பரேட் வேலையில் இருப்பவர்கள் என்பதால் இதையும் சொல்கிறோம். ஆமிஷ் என்றால் உழவர் என்ற எண்ணம் பழசு. லங்காஸ்டரில் பாதிக்கும் மேற்பட்ட குடும்பங்களின் பிழைப்பு பட்டறை, கடை, கட்டட வேலை என்று ஆகிவிட்டது. எட்டாம் வகுப்போடு படிப்பை முடித்தவர்கள் நன்றாக வியாபாரம் செய்கிறார்கள். ஆனால் பட்டறை அளவுக்கு மீறி வளர்ந்து, முதலாளி தனித்துத் தெரிய ஆரம்பித்தால் சபைப் பெரியவர்கள் வந்து பேசுவார்கள். சிலர் அதற்குப் பிறகு தொழிலைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள், சிலர் விற்றுவிட்டார்கள். பெரிய கம்பெனிச் சம்பளத்தில் வாழ்ந்து பார்த்தவர்களும் உண்டு. வடக்கு இந்தியானாவில் பயண வீட்டுவண்டி செய்யும் ஆலைகளில் ஆமிஷ் ஆண்கள் ஏராளம். 2008-இல் பொருளாதாரம் சரிந்தபோது அந்த வேலைகள் பறந்தன, அரசு கொடுக்கும் வேலையிழப்புப் பணத்தை வாங்கலாமா என்ற சங்கடம் சபைகளுக்குள் வந்தது.

துண்டறிக்கையிலிருந்து "வரி கட்டுவதில்லை" என்ற வாக்கியத்தையும் எடுத்துவிடுங்கள். வருமான வரி, சொத்து வரி எல்லாம் கட்டுகிறார்கள். முதியோருக்கும் நோயாளிக்கும் சபையே பொறுப்பு என்பதால் சமூகப் பாதுகாப்பு வரியைத்தான் மறுத்தார்கள். 1961-இல் வாலன்டைன் பைலர் என்ற உழவர் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தபோதே வரித்துறை அவருடைய மூன்று குதிரைகளைப் பிடித்துக்கொண்டு போனது நாடெங்கும் பேச்சானது. 1965-இல் சுயதொழில் செய்யும் ஆமிஷுக்கு விலக்கு வந்தது.

இனிப் பயணத்திட்டம். ஞாயிற்றுக்கிழமையை மாற்றுங்கள். அன்று ஆமிஷ் கடை, பண்ணைக் கடை ஒன்றும் திறக்காது, சாலையெல்லாம் வழிபாட்டுக்குப் போகும் வண்டிகள். சனிக்கிழமை வாருங்கள். ஓரக்கடைகளில் ஆளில்லாமல் பணப்பெட்டி மட்டும் இருக்கும், ஒரு டாலர், ஐந்து டாலர் நோட்டுகளாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். போர்வைக் கடையில் தி.நகர்ப் பேரம் வேண்டாம். முகம் தெரிய யாரையும் படம் எடுக்காதீர்கள், ட்ரோன் அறவே கூடாது. பஸ்ஸுக்குப் பின்னால் வரும் கார்கள்தான் எங்களுக்கு அதிகக் கவலை. 55 மைல் வேகத்தில் வரும் கார், 8 மைல் வேகத்தில் போகும் குதிரைவண்டியை 500 அடி தூரத்தில் கண்டால், மோதுவதற்கு ஏழே வினாடி இருக்கிறது. மேடு ஏறும்போது முன்கூட்டியே வேகத்தைக் குறையுங்கள். ஹாரன் அடிக்காதீர்கள், குதிரை மிரளும். சிக்னலில் வண்டிக்குப் பின்னால் இடம் விட்டு நில்லுங்கள், கிளம்பும்போது அது கொஞ்சம் பின்னால் உருளும்.

நிக்கல் மைன்ஸ் பள்ளியைக் காட்டச் சொல்லி யாராவது கேட்பார்கள். 2006 அக்டோபர் 2 அன்று ஐந்து சிறுமிகள் சுட்டுக் கொல்லப்பட்ட அந்தக் கட்டடத்தை அதே மாதம் இடித்துவிட்டார்கள். அங்கே பஸ் போக வேண்டிய காரியம் எதுவும் இல்லை.

துண்டறிக்கையில் அந்தப் பழைய வரிக்குப் பதிலாக இதைப் போடலாம்: "எந்த இயந்திரத்தை எந்த வடிவில் ஏற்பது என்று சபையாகக் கூடி முடிவு செய்கிறவர்கள்." அடுத்த அச்சுக்கு முன் எங்களில் யாரிடமாவது காட்டினால் மற்ற பிழைகளையும் திருத்தித் தருகிறோம். பஸ்ஸை எங்கே நிறுத்தினால் யாருடைய பண்ணைப் பாதையும் மறையாது என்ற வரைபடமும் தயாராக இருக்கிறது.

இப்படிக்கு,
லங்காஸ்டர் கவுண்டியில் குடியிருக்கும் தமிழர்கள் சிலர்