பெட்டிக்குள்ள என்ன இருக்கு எண்டு எழுத வையுங்கோ

பாவனையாளர் பாதுகாப்புக்கும் உணவுக் கட்டுப்பாட்டுக்கும் பொறுப்பா இருக்கிற ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் வணக்கம்.

மெலிய வைக்கிற சைனா டீ கதையை நான் உங்களுக்கு புதுசா சொல்லத் தேவையில்ல. புறக்கோட்டையிலயும் வெள்ளவத்தையிலயும் கடைக் கண்ணாடிக்குள்ள அந்தப் பெட்டியள் நிக்குது, போனைத் திறந்தா விளம்பரம், நீங்களும் பாத்திருப்பீங்கள். போன மாசம் என்ர தங்கச்சிக்கு நடந்ததாலதான் இப்ப எழுதுறன்.

அவளுக்கு ஆவணியில கலியாணம். கூறைக்கு பிளவுஸ் அளவெடுக்கப் போன இடத்தில தைக்கிற அக்கா "கொஞ்சம் இறக்கினா வடிவா இருக்கும் பிள்ளை" எண்டு ஒரு சொல்லு சொல்லிப்போட்டா. அடுத்த நாளே 2,800 ரூபா குடுத்து ஊலோங் ஸ்லிம்மிங் டீ எண்டு ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு வந்திட்டாள். இடுப்பில அளவு நாடா சுத்தின ஒரு பொம்பிளைப் படம், ஒரு மாசத்தில 8 கிலோ எண்டு இங்கிலீசில பெரிசா, மிச்சம் முழுக்க சீன எழுத்து. ஆர் இறக்குமதி செய்தது எண்டு ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பாதி கிழிஞ்சு கிடந்தது.

ரெண்டு கிழமையில 3 கிலோ குறைஞ்சிட்டுது, அவளுக்கு நிலத்தில கால் படேல்ல. ஒரு நாளைக்கு அஞ்சாறு தரம் டொய்லட்டுக்கு ஓடினதை எங்களுக்குச் சொல்லேல்ல, உடம்பில உள்ள ஊத்தை கழியுது எண்டு கடைக்காரர் சொன்னவராம். பதினாறாம் நாள் காலமை 100ஆம் நம்பர் பஸ்ஸில வேலைக்குப் போகேக்க, பம்பலப்பிட்டி தாண்ட முதலே கால் ரெண்டும் இழுத்துப் பிடிச்சு, கம்பியைப் பிடிச்ச கை நடுங்கி, அப்பிடியே சரிஞ்சிட்டாள்.

ஆஸ்பத்திரியில டொக்டர் என்ன குடிச்சனீர் எண்டு கேக்க, நான் வீட்ட ஓடிப்போய் பெட்டியைக் கொண்டு வந்து குடுத்தன். டொக்டருக்கு வாசிக்கத் தெரியாது, நேர்ஸுக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது. பிள்ளை கட்டில்ல கிடக்குது, நாங்கள் நாலு பேர் ஒரு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கொண்டு நிக்கிறம். கடைசியா பயிற்சிக்கு வந்த ஒரு தம்பி தன்ர போன் கமராவைப் பிடிச்சு மொழிபெயர்த்துப் பாத்தார். முதல் பேரே சென்னா இலை. எங்கட அப்பம்மா மலச்சிக்கலுக்கு குடுக்கிற அதே நிலவாகை. ஊலோங் எண்ட தேயிலையின்ர பேர் அதுக்குப் பிறகுதான். மெலியிறதுக்கு எண்டு காசு குடுத்து என்ர தங்கச்சி பதினாறு நாள் பேதி மருந்து குடிச்சிருக்கிறாள். பேதியால ரத்தத்தில இருக்கிற பொட்டாசியம் எண்ட உப்பு நல்லா இறங்கிட்டுது, இன்னும் இறங்கியிருந்தா இதயத் துடிப்பே குழம்பியிருக்கும் எண்டு டொக்டர் சொன்னார். சேலைன் ஏத்தி ரெண்டாம் நாள் வார்ட் தராசில ஏறிப் பாத்தா, போன 3 கிலோவில முக்கால்வாசி திரும்பி வந்திருந்தது. போனது கொழுப்பில்ல, தண்ணி. அதைப் பாத்திட்டு அவள் அழுத அழுகையை நான் மறக்கமாட்டன்.

ஊலோங்கில எனக்கு ஒரு கோவமும் இல்ல, அதையும் சொல்லவேணும். அது நல்ல தேயிலை. சீனாவில பூஜியான் பக்கமும் தாய்வானிலயும் செய்யிறது, எங்கட மலையகத்தில கொழுந்து எடுக்கிற அதே செடி, கிரீன் டீக்கும் பிளேன்டீக்கும் நடுவில பாதியில நிப்பாட்டிக் காய வைக்கிறது. மெலியும் எண்ட கதைக்கும் ஒரு துளி உண்மை இருக்கு. 2001இல அமெரிக்காவில 12 ஆம்பிளையளுக்கு ஊலோங் குடுத்துப் பாத்தவை, உடம்பு எரிக்கிற சக்தி ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 3 வீதம் கூடினது. கணக்குப் பாத்தா 67 கலோரி, ஒரு துண்டு பாண் அளவு. அதே ஆக்களுக்கு, அந்தத் தேயிலையில இருக்கிற அதேயளவு கபேன் கலந்த வெறும் தண்ணி குடுத்தாலும் அவ்வளவுதான் கூடினது. ஒரு துண்டு பாணுக்கு 8 கிலோ எண்டு எழுத எப்பிடி மனம் வருது? எழுதினவனை விடுங்கோ, அதை எங்கட துறைமுகத்தால உள்ளுக்கு விட்டது ஆர்?

சட்டம் இல்லை எண்டு சொல்ல ஏலாது. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தில, ஆக்களை ஏமாத்துற மாதிரி உணவுக்கு லேபல் ஒட்டவோ விளம்பரம் போடவோ கூடாது எண்டு இருக்கு. தமிழ் அரசகரும மொழி எண்டு 1987இலயே அரசியலமைப்பில போட்டாச்சு. அப்பிடியிருக்க முறைப்பாடு குடுக்க போன் எடுத்தா தமிழில கதைக்க ஆளில்ல, இது உணவு, அங்க எடுங்கோ எண்டினம், அங்க எடுத்தா இது மருந்து, இங்க எடுங்கோ எண்டினம். மூண்டு நாள் லீவு போட்டு அலைஞ்சன். வருத்தக்காரியையும் வச்சுக்கொண்டு ஒரு குடும்பம் எத்தினை படி ஏறுறது? இப்பிடி அலைய விட்டா ஒருத்தரும் முறைப்பாடு குடுக்கமாட்டினம், பெட்டி மட்டும் வித்துக்கொண்டே இருக்கும்.

மன்னிச்சுக்கொள்ளுங்கோ, கோவத்தில எழுதிப்போட்டன். உங்களிட்ட நான் கேக்கிறது பெரிய விசயமில்ல. பெட்டிக்குள்ள என்ன இருக்கு எண்டு தமிழிலயும் சிங்களத்திலயும் எழுத வையுங்கோ. நிலவாகை இருந்தா நிலவாகை எண்டு எழுதட்டும், எத்தினை நாளுக்கு மேல குடிக்கப்படாது, பிள்ளைத்தாச்சியள் டொக்டரைக் கேக்காமல் குடிக்கப்படாது எண்டும் எழுதட்டும். 8 கிலோ எண்டிற வசனத்தை எடுக்கச் சொல்லுங்கோ. மற்றது, கடையில இருக்கிறதை எடுத்து லாப்பில பாருங்கோ, ஏனெண்டா சிபுட்ராமின் எண்ட மெலியிற மருந்தை மாரடைப்பும் பாரிசவாதமும் வரும் எண்டு 2010இல அமெரிக்காவிலயும் ஐரோப்பாவிலயும் நிப்பாட்டின பிறகும், அதை மெலியிற டீ, கோப்பி எண்டு விக்கிற சாமானில ஒளிச்சுக் கலந்து பிடிபட்டிருக்கு. அதை எந்தப் போன் கமராவும் காட்டாது, நீங்கள்தான் காட்டவேணும்.

திரும்பவும் தயவா கேக்கிறன், பெட்டிக்குள்ள என்ன இருக்கு எண்டு எங்களுக்கு விளங்கிற மொழியில எழுத வையுங்கோ.

அந்தப் பெட்டி எங்கட வீட்டு அலுமாரியில இருக்கு, இன்னும் எட்டுப் பை மிச்சம், எறியேல்ல. ஆரையாவது அனுப்புங்கோ, குடுத்து விடுறன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையில இருந்து ஒரு அக்கா