கன்றுக்குட்டி தானாக வந்ததா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘கிறிஸ்தவர்களுக்கென்ன, வாரமெல்லாம் செய்வதைச் செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மன்னிப்பு வாங்கிக்கொள்வார்கள்’ என்று சென்ற வாரம் இப்பகுதியில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். கோபமாகப் பல பதில்கள் உங்களுக்கு வந்திருக்கும். எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் வேதம் அப்படிச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால், எங்கள் நடத்தையைப் பார்த்து ஒருவர் அப்படி நினைத்தால் அவர்மேல் என்ன தப்பு?

நீதிமன்றத்தில் சாட்சியங்களைத் தட்டச்சு செய்தே பணி ஓய்வு பெற்றவன் நான். ‘நான் செய்தேன்’ என்ற வாக்கியத்தை அடிக்கும் வாய்ப்பு எனக்கு அபூர்வமாகத்தான் கிடைத்தது. கத்தி பட்டுவிட்டது, வண்டி மோதிவிட்டது, பணம் செலவாகிவிட்டது. எல்லாம் தானாகவே நடந்திருக்கும். கூண்டில் நிற்பவர் பக்கத்தில் சும்மா நின்றிருப்பார். வழக்கில் மாட்டிக்கொண்டவர் அப்படிப் பேசுவதில் வியப்பில்லை. அதே பேச்சை ஜெபக்கூட்டத்தில் கேட்கும்போதுதான் திக்கென்றிருக்கிறது.

எங்கள் சபையில் ஒருவர், கடவுள் தமக்குச் செய்த நன்மையைச் சொல்லும் ‘சாட்சி’ சொல்ல எழுந்தார். தம்பிக்குச் சேரவேண்டிய நிலத்தைத் தம் பெயருக்கு எழுதிக்கொண்டவர் அவர். “அந்த நேரத்தில் பிசாசு என் கண்ணைக் கட்டிப்போட்டான், இப்போது கர்த்தர் எனக்குச் சமாதானம் தந்திருக்கிறார்” என்றார். ‘அல்லேலூயா’ என்று கூட்டம் முழங்கியது. தம்பி இரண்டு வரிசை பின்னால் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். நிலம் இன்றுவரை அண்ணன் பெயரில்தான் இருக்கிறது. சமாதானம் அண்ணனுக்கு வந்துவிட்டது, தம்பிக்கு எப்போது வரும் என்று யாரும் கேட்கவில்லை.

இது ஒன்றும் புதிதல்ல. ‘நீர் தந்த ஸ்திரீ கொடுத்தாள்’ என்று ஆதாம் ஒரே மூச்சில் மனைவியையும் கடவுளையும் சேர்த்து மாட்டிவிட்டான். இந்த வகையில் என்னைச் சிரிக்கவும் கலங்கவும் வைப்பவன் மோசேயின் அண்ணன் ஆரோன். மோசே மலைமேல் இருந்தபோது, கும்பிட ஒரு தெய்வம் வேண்டும் என்று ஜனங்கள் அவனிடம் கேட்டார்கள். யாத்திராகமம் 32ஆம் அதிகாரத்தின் 4ஆம் வசனத்தில் அவனே பொன்னை வாங்கி, சிற்பக்கருவியால் உருவம் பிடித்து, கன்றுக்குட்டியை வார்க்கிறான். மோசே வந்து கேட்டதும் 24ஆம் வசனத்தில் சொல்கிறான்: ‘அதை அக்கினியிலே போட்டேன், அதிலிருந்து இந்தக் கன்றுக்குட்டி வந்தது.’ இருபதே வசனங்களில் கருவி காணாமல் போய்விட்டது! இப்படிப்பட்ட எத்தனை கன்றுக்குட்டிகளை நான் தட்டச்சு செய்திருப்பேன்.

கடவுளின் கட்டளையை மீறிய சவுல் ராஜாவோ இன்னும் நுட்பமானவர். ‘பாவஞ்செய்தேன்’ என்று வாய்விட்டே சொல்கிறார். ஆனால், ஜனங்களுக்குப் பயந்துதான் செய்தேன் என்கிறார். பிறகு, மூப்பர்கள் முன்னால் என்னைக் கனம்பண்ணும் என்று, தம்மைக் கண்டித்த தீர்க்கதரிசி சாமுவேலிடமே கேட்கிறார் (1 சாமுவேல் 15). மன்னிப்பும் வேண்டும், மரியாதையும் குறையக்கூடாது. சபைக் கமிட்டிகளில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இந்தச் சவுலை நன்றாகத் தெரியும். பிறன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது ராஜாவுக்கோ, அதைக் கண்டித்த நாத்தான் தீர்க்கதரிசி முன்னால் ‘பாவஞ்செய்தேன்’ என்ற ஒரே வரிதான் இருந்தது, பின்னிணைப்பு எதுவும் இல்லை.

பிசாசு இல்லை என்று நான் வாதாட வரவில்லை. அவனுக்குரிய பங்கு அவனுக்கு. ஆனால், ‘அவனவன் தன்தன் சுய இச்சையினாலே இழுக்கப்பட்டு’ என்றுதானே யாக்கோபு எழுதுகிறார்? கத்தோலிக்கச் சகோதரர்கள் திருப்பலியின் தொடக்கத்தில் சொல்லும் பாவ அறிக்கையில், சிந்தனை, சொல், செயல் இவற்றோடு கடமையில் தவறியதையும் சேர்த்து ‘என் பாவமே’ என்று மார்பில் தட்டிக்கொள்கிறார்கள். செய்யாமல் விட்டதற்கும் கணக்கு உண்டு என்பது எவ்வளவு பெரிய விஷயம்! எங்களைப் போன்ற புராட்டஸ்டண்டுகள் அதை வெறும் சடங்கு என்று ஒதுக்குவதற்கு முன் கொஞ்சம் யோசிக்கலாம். மார்ட்டின் லூத்தர் 1517இல் வெளியிட்ட 95 கருத்துகளில் முதலாவதே, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்கவேண்டும் என்பதுதான்.

அதே லூத்தர் துறவியாக இருந்த காலத்தில் மணிக்கணக்காகப் பாவ அறிக்கை செய்து, கேட்ட குருவையே களைக்க வைத்தவர். அந்த வியாதியும் உண்டு. தன் மனதைத் தானே ஓயாமல் தோண்டிக்கொண்டிருப்பது பக்தி போலத் தெரியும். அதனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு பைசா நன்மையும் கிடையாது. சங்கீதம் 139இன் முடிவில் தாவீது கடவுளிடம்தான் ‘என்னை ஆராய்ந்து பாரும்’ என்று கேட்கிறார். வேறொருவர் கண் நம்மேல் படவேண்டும். மனைவி, மக்கள், உடன் வேலை செய்பவர் என்று வீட்டுப் பக்கத்திலேயே அப்படிப்பட்ட கண்கள் நிறைய இருக்கின்றன. நாம் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். கணவனிடம் அடிவாங்கிவிட்டு உதவி கேட்டு வந்த பெண்ணிடம், “உன்னை நீயே சோதித்துப் பார் அம்மா” என்று அறிவுரை சொன்ன மூப்பரை எனக்குத் தெரியும். தீராத நோயில் கிடப்பவரிடம் என்ன பாவம் செய்தாய் என்று தேடச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். பிறவிக் குருடனைக் காட்டிச் சீஷர்கள் கேட்டபோது, இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்று இயேசு சொன்னதை (யோவான் 9) இவர்கள் வாசிப்பதே இல்லையா? ‘தன்னைத்தானே சோதித்தறிந்து’ என்றுதான் பவுல் எழுதினார். அடுத்தவரைச் சோதிக்கும் வேலையை நம் யாருக்கும் தரவில்லை.

மன்னிப்பு இலவசம் என்பதை நானும் நம்புகிறேன். ஆனால், மோசேயின் சட்டத்தில் பிறரை வஞ்சித்தவன் தன் பாவத்தை அறிக்கையிடுவதோடு, முதலையும் அதற்குமேல் ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்து, பாதிக்கப்பட்டவனிடமே கொடுக்கவேண்டும் (எண்ணாகமம் 5). வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு, அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலு மடங்கு தருகிறேன் என்றான். இயேசு வேண்டாம் என்று தடுக்கவில்லை. மன்னிப்புக்கு விலையாக அவன் அதைக் கொடுக்கவில்லை. மன்னிப்புப் பெற்றவனுக்கு அடுத்தவன் பணத்தைக் கையில் வைத்திருக்க முடியவில்லை.

ஆயர்களிடம் ஒரு வேண்டுகோள். இயேசுவின் நினைவாக அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்துக்கு முன் ‘நம்மை நாமே சோதித்தறிவோம்’ என்கிறீர்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டுவதற்குள் ஆர்மோனியம் ஆரம்பித்துவிடுகிறது. ஓர் ஐந்து நிமிடமாவது கொடுங்கள். அந்த நேரத்தில் யாராவது எழுந்து வெளியே போனால் தயவுசெய்து தடுக்கவேண்டாம். காணிக்கை செலுத்துமுன் மனத்தாங்கலைத் தீர்த்துக்கொண்டு வரச் சொல்லும் ‘முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி’ என்ற வசனத்தை அவர் நிஜமாகவே எடுத்துக்கொண்டிருக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்றத் தட்டச்சர்